ஸ்னோ டப்பாவில் செம்பனை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் எண்ணெய்க்கென்று ஒரு தட்டு இருக்கும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய். தீபாவளி நெருங்கினால் சீயக்காய்த் தூளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாலடி தள்ளி கிரீம்களும் லோஷன்களும். முதல் தட்டு இயற்கை, இரண்டாவது தட்டு கெமிக்கல் என்று நாமே பாகம் பிரித்து வைத்திருக்கிறோம். முதல் தட்டுக்குப் பாட்டி சாட்சி, இரண்டாவதற்கு டி.வி. விளம்பரம் சாட்சி. இந்தப் பாகப்பிரிவினையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு தட்டிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வகைச் சரக்குதான். ஒன்று பிழிந்தபடியே பாட்டிலுக்கு வந்தது. மற்றது ஏதோ ஓர் ஆலைக்குள் போய், அக்கு வேறு ஆணி வேறாகக் கழன்று, வேறு உருவில் பூட்டப்பட்டு வந்தது. அந்த ஆலை கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு.

ஐம்பது வெள்ளி கிரீமோ ஐந்து வெள்ளி கிரீமோ, டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். தண்ணீர், கிளிசரின், செட்டியரில் ஆல்கஹால், கேப்ரிலிக்/கேப்ரிக் டிரைகிளிசரைடு, கிளிசரில் ஸ்டியரேட், ஐசோபுரோப்பைல் பால்மிடேட் என்று போகும். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம் என்பது விதி. முன்பக்கத்தில் ரோஜாவும் பாதாமும் படமாகச் சிரிக்கும் டப்பாவில், அவற்றின் எண்ணெய் பட்டியலின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். தோலுக்கு இதம் தரும் வேலையைச் செய்வது தலைமாட்டில் உள்ள அந்த வாயில் நுழையாத பெயர்கள். தண்ணீரைத் தவிர மேலே சொன்ன ஐந்துமே செம்பனையிலிருந்து வரக்கூடியவை. செம்பனை என்ற சொல்தான் டப்பாவில் எங்கேயும் இருக்காது.

இவை தோலில் என்ன செய்கின்றன என்று பார்க்க, தோலின் மேல்விளிம்புக்குப் போக வேண்டும். பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் வந்ததே செங்கல் சூளைகளால்தான். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகளைக் கொண்டுபோன பிறகு, இனிக் கட்டடங்கள் செங்கல்லில்தான் எழ வேண்டும் என்று முடிவானது. செங்கல் இங்கே சுடப்பட்டது. தோலை ஆராய்கிறவர்களும் செங்கல்லையே பிடித்துக்கொண்டார்கள். நம் உடலின் ஆக வெளியே இருக்கும் படலம், உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த இடங்களில், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூடத் தேறாது. செத்துத் தட்டையான, புரதம் நிறைந்த செல்கள் அதில் செங்கல். செல்களுக்கு இடையே அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கொழுப்பு, சாந்து. அந்தச் சாந்தின் எடையில் ஏறத்தாழ பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். உடலுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடாமல் தடுப்பது இந்தச் சாந்துதான்.

சாந்து பெயர்ந்தால் செங்கல் விளிம்பு தூக்கிக்கொள்ளும். கெண்டைக்காலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதே, அது. குளிர் நாட்டுக்காரர்களுக்குத்தான் தோல் வறளும், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். வெளியே காற்று ஈரத்தில் ஊறிக் கிடந்தாலும் கோலாலம்பூரில் அலுவலக வேலை செய்பவர் நாளில் எட்டு மணி நேரம் ஏர்கான் காற்றில் உட்கார்ந்திருக்கிறார். ஏர்கான் காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலிருந்து ஈரத்தையும் பிடுங்கிவிடும். அதோடு, வியர்வைக்காக இரண்டு வேளை சோப்புப் போட்டுக் குளியல்.

கிரீம் மூன்று வழிகளில் கைகொடுக்கிறது. கிளிசரின் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைக்கும். வாசலின் போன்றவை மேலே மூடி போட்டுத் தண்ணீர் போகும் வழியை அடைக்கும். மூன்றாவது வகை தூக்கிய விளிம்புகளுக்கு நடுவே புகுந்து இடுக்கை நிரப்பி, தடவினால் வழவழப்பாகத் தெரியச் செய்யும். தாவர எண்ணெய்களும் அவற்றின் பிள்ளைகளும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வேலைக்காரர்கள். மூடி போடுவதில் வாசலினை எந்தத் தாவர எண்ணெயும் நெருங்க முடியாது. ராபர்ட் செஸ்பரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய அந்தப் பெட்ரோலியப் பசையை இயற்கை அன்பர்கள் எவ்வளவு திட்டினாலும் இது மாறப்போவதில்லை.

எண்ணெய் என்று பொதுவாகச் சொல்கிறோம். வேதியியல் கண்ணில் அது ஒரு கிளிசரினின் முதுகில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஏறியிருக்கும் மூலக்கூறு. கொழுப்பு அமிலம் என்பது கரிம அணுக்களின் சங்கிலி. எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் எல்லாம் சங்கிலியின் நீளத்திலும் அதில் எத்தனை இடத்தில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது என்பதிலும்தான். 12 கரிமம் இருந்தால் லாரிக் அமிலம்: தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி. 16 என்றால் பால்மிடிக்: செம்பனைச் சதையிலிருந்து வரும் எண்ணெயில் 44 சதவீதம் அளவுக்கு. 18 கரிமத்தோடு ஓர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒலீயிக், இரண்டு இருந்தால் லினோலீயிக். நல்லெண்ணெய் இந்த இரண்டையும் ஏறத்தாழச் சரிபாதியாக வைத்திருக்கிறது. விளக்கெண்ணெய் தனி ஜாதி. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலீயிக் என்ற ஒரே அமிலம். சங்கிலியின் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் ஒட்டியிருப்பதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தலையில் வைத்தால் அலசி முடிவதற்குள் கை ஓய்ந்துபோவதற்கும், உதட்டுச் சாயம் செய்பவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் அந்த ஒட்டல்தான் காரணம்.

இதைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியில் உருகும். கோலாலம்பூர் அடுக்களை அலமாரியில் ஆண்டு முழுக்க அது தண்ணீர் போல இருக்கும். அதே பாட்டிலை இரவு முழுக்க ஏர்கான் ஓடும் படுக்கையறையில் வைத்துப் பாருங்கள், காலையில் அடியில் வெள்ளையாக உறைந்திருக்கும். நல்லெண்ணெய் அந்த அறையில் உறையாது. இரட்டைப் பிணைப்பு வந்த இடத்தில் சங்கிலி வளைந்துவிடுவதால் அதன் மூலக்கூறுகள் நெருக்கி அடுக்க முடியாதவை. தோலின் மேல் எண்ணெய் எப்படிப் பரவும், எவ்வளவு நேரம் பிசுக்கும் என்பதும் இதே கணக்குதான்.

இனிச் செம்பனை. மேற்கு ஆப்பிரிக்க மரமான இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவுக்கு அழகு மரமாக வந்து சாலையோரம் நின்றது. அதை வணிகப் பயிராக்கியவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நட்டார். ரப்பர்த் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு கிடைத்தது. மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் நடமாடும் நாவல் அது. எண்ணெய்ப் பனை முதலாளி இலக்கியப் பரிசு வாங்கிய கதை வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

ரப்பர் விலை ஆட்டம் காண, 1960-களிலிருந்து பால்மரக் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறத் தொடங்கின. மரம் செழித்தது, காய்ப்பு மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ இன்னொரு மரத்திலும் மலர்ந்திருக்க, மகரந்தத்தைக் கொண்டுபோக ஆளில்லை. ஆகவே தொழிலாளர்களே கையால் மகரந்தம் தூவினார்கள். மரம் மரமாகப் பூவைத் தேடிப் போய்ச் செய்யும் இந்த வேலையும் தோட்டக் கூலிக் கணக்கில் ஒன்றாக இருந்தது. ஆப்பிரிக்காவில் இதைச் செய்வது பூச்சி என்று கண்டுபிடித்து, கேமரூனிலிருந்து எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்ற கூன்வண்டைக் கொண்டுவந்து 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள வண்டு, கையால் மகரந்தம் தூவும் வேலையையே இல்லாமல் ஆக்கியது. குலையில் காய்கள் நெருக்கமாகப் பிடித்தன. அதனால் கொட்டையும் பெருகியது. நம் கதைக்கு அந்தக் கொட்டைதான் முக்கியம்.

செம்பனைப் பழம் ஒன்றிலிருந்து இரண்டு எண்ணெய் கிடைக்கிறது. சதையில் வருவது சிவந்த எண்ணெய். அதைச் சுத்திகரித்து, நீர்மப் பகுதியைப் பிரித்தால், மானிய விலையில் ஒரு கிலோ இரண்டு வெள்ளி ஐம்பது காசுக்கு பிளாஸ்டிக் பையில் விற்கும் சமையல் எண்ணெய். உள்ளே இருக்கும் பருப்பைப் பிழிந்தால் வருவது முற்றிலும் வேறு: லாரிக் அமிலம் கிட்டத்தட்டப் பாதி, குணத்தில் தேங்காயெண்ணெயின் உடன்பிறப்பு. 16-உம் 18-உம் வேண்டுமா, சதையிடம் போகலாம். 8 முதல் 14 வரை வேண்டுமா, பருப்பிடம். ஒரு மரத்திடமிருந்தே அழகுசாதனத் தொழிலுக்குத் தேவையான சங்கிலி நீளங்கள் அத்தனையும் கிடைத்துவிடுகின்றன.

சங்கிலியைக் கழற்றும் வேலை ஆலையில் நடக்கிறது. ரவாங்கில் கே.எல்.கே. குழுமத்தின் பாம்-ஓலியோ, கிள்ளானில் சதர்ன் ஆசிட்ஸ் என்று சிலாங்கூரிலேயே பல. உயரமான எஃகுக் கோபுரத்தின் அடியிலிருந்து எண்ணெய் ஏறும், உச்சியிலிருந்து தண்ணீர் இறங்கும். சூடு 250 டிகிரி. அழுத்தம் நம் சுற்றுப்புறக் காற்றைப்போல ஐம்பது மடங்கு. அந்த நெருக்கடியில், சாதாரணமாகச் சேராத எண்ணெயும் தண்ணீரும் சேர, கிளிசரினின் முதுகிலிருந்து அமிலங்கள் இறங்கிவிடும். கொழுப்பு அமிலம் மேலே வெளியேற, கிளிசரின் தண்ணீரோடு கலந்து கீழே வரும். அந்தக் கலவைக்கு ஆலைக்காரர்கள் வைத்த பெயர் இனிப்புத் தண்ணீர். அதைச் சுண்டவைத்துத் தூய்மைப்படுத்தினால் பட்டியலில் இரண்டாவதாக நின்ற கிளிசரின். இதில் நொதியும் கிடையாது, கரைப்பானும் கிடையாது. தண்ணீர், சூடு, அழுத்தம் மட்டுமே. கெமிக்கல் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இறங்கிய அமிலங்களை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் நீளவாரியாகப் பிரிந்து வரும். லாரிக்கின் பெரும்பங்கு ஷாம்பு, டிடர்ஜென்ட் பக்கம் போகிறது. சோடியம் லாரில் சல்பேட் பிறப்பது அதிலிருந்துதான். தோலின் சாந்தைச் சுரண்டிக்கொண்டு போகும் நுரைக்கும், சுரண்டிய இடத்தில் பூசுகிற கிரீமுக்கும் ஒரே பருப்பு மூலப்பொருள். காலையில் எடுத்ததை இரவில் காசு வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிற வியாபாரம்! நுரையின் வீரியத்தைக் குறைத்துக்கொண்டாலே பல பேருக்குக் கிரீம் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

லாரிக்கைத் தவிர 8, 10 கரிமக் குட்டைச் சங்கிலிகளும் கிடைக்கும். செம்பனைப் பருப்பெண்ணெயில் இவை ஏழு சதவீதம் போல இருக்கும், தேங்காயெண்ணெயில் அதைவிட இரட்டிப்பு. தனியாக இருக்கும்போது இவற்றுக்கு ஆட்டு வாடை. மீண்டும் கிளிசரினோடு பூட்டிவிட்டால் வாடையும் நிறமும் இல்லாத, மெல்லிய, எளிதில் கெட்டுப்போகாத எண்ணெய் ஒன்று கிடைக்கும். அதுதான் கேப்ரிலிக்/கேப்ரிக் டிரைகிளிசரைடு. கழற்றி எடுத்து, வேண்டியதை மட்டும் பொறுக்கி மறுபடி பூட்டிய இந்த எண்ணெய் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. இரட்டைப் பிணைப்பு இல்லாததால் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்காது. பிசுக்காது. கிரீமைத் தடவினால் ‘லைட்டாக’ இருக்கிறது என்கிறோமே, அந்த லேசில் பெரும்பங்கு இதனுடையது.

பட்டியலில் கண்ட செட்டியரில் ஆல்கஹாலில் ஒரு பங்கான செட்டில் ஆல்கஹாலின் வரலாறு கடலிலிருந்து தொடங்குகிறது. 1817-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல், எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகைக் காரத்தோடு காய்ச்சி இதைப் பிரித்தார். அதன் பிறகு வெகு காலம் முகக் கிரீமின் பளபளப்பில் திமிங்கிலத்துக்குப் பங்கு இருந்தது. இன்று 16 கரிமம் வேண்டுமானால் செம்பனையில் கொட்டிக் கிடக்கிறது. கொழுப்பு அமிலத்தின் வழித்தோன்றலை 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்தால் ஆல்கஹால் ஆகிவிடும். டப்பாவில் ஆல்கஹால் என்ற சொல்லைப் படித்துவிட்டுத் தோல் எரியுமோ, ஹலால் இல்லையோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இது சாராயம் அல்ல, அறை வெப்பத்தில் வெள்ளை மெழுகு. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க, இதுவும் கிளிசரில் ஸ்டியரேட்டும் சேர்ந்து மிக மெல்லிய அடுக்குகளாகப் படிந்து நடுநடுவே தண்ணீரைப் பூட்டிவைக்கின்றன. விரலில் அள்ளினால் கூம்பாக நிற்கும் கிரீமின் கெட்டித்தன்மை அந்த அடுக்குகளின் உபயம்.

நம் அம்மாக்கள் காலத்து ஹேசலின் ஸ்னோ, ஆப்கான் ஸ்னோ வகையில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஸ்டியரிக் அமிலத்தில் கொஞ்சத்தைக் காரம் சேர்த்துச் சோப்பாக்கி, அந்தச் சோப்பைக் கொண்டே மீதி அமிலத்தைத் தண்ணீரில் தொங்கவிட்டார்கள். முகத்தில் தேய்த்ததும் தண்ணீர் ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய அமிலப் படலம் தங்கும், அதன் மேல் பவுடர் நிற்கும். ஸ்டியரிக் என்ற பேரில் ஆலைகள் விற்கும் சாதாரண ரகத்தில் ஏறக்குறைய பாதி பால்மிடிக் என்பது ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் இது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது. சைவக் குடும்பங்கள் அதைப் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போன விவரத்தை யாரும் கிளறாமல் விட்டதே நல்லது. இப்போது மலேசியாவில் அழகுசாதனத்துக்கென்றே ஹலால் தரநிலை உண்டு. முதலில் 2008-இல் எம்.எஸ். 2200 என்ற எண்ணில் வந்தது. செம்பனையிலிருந்து வந்த கிளிசரினும் ஸ்டியரிக்கும் பள்ளிவாசலுக்குப் போகிறவரையும் கந்தசாமி கோயிலுக்குப் போகிறவரையும் ஒரே நேரத்தில் நிம்மதியாக்கிவிட்டன.

அப்படியானால் பிழிந்த எண்ணெய்க்கு வேலையே இல்லையா? உண்டு, எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்தது. வங்கதேசத்து மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்த ஆய்வு 2005-இல் லான்செட் இதழில் வந்தது. தடவப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைவாக இருந்தது. சூரியகாந்தி எண்ணெயில் லினோலீயிக் அதிகம். செராமைடுகளில் முக்கியமான ஒன்றைச் செய்யத் தோலுக்கு லினோலீயிக் வேண்டும், உடல் அதைத் தானாகச் செய்துகொள்ளாது. மாறாக, 2013-இல் பிரிட்டனின் ஷெஃபீல்டில் பெரியவர்களை வைத்துச் செய்த சோதனையில் ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்தியது. அதில் பெரும்பங்காக இருக்கும் ஒலீயிக், சாந்தின் அடுக்குகளைக் குலைக்கும் குணமுள்ளது. விலை அதிகமானது நல்லது என்று எண்ணிப் பிள்ளைக்கு ஆலிவ் எண்ணெய் தடவும் புதுப் பழக்கத்தை விட்டுவிடலாம். தேங்காயெண்ணெய்க்கு நல்ல சான்று பிலிப்பைன்ஸிலிருந்து கிடைத்தது. கரப்பான் வகைத் தோல் நோயுள்ள குழந்தைகளிடம் 2014-இல் செய்த ஆய்வில் மினரல் ஆயிலைவிட அது மேலாக வேலை செய்தது.

ஆனாலும் கிள்ளான் வெயிலில் தேங்காயெண்ணெய்க்கு ஒரு வம்பு இருக்கிறது. தேமலையும் பொடுகையும் உண்டாக்கும் மலசேசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. தனக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைச் சொந்தமாகச் செய்துகொள்ளத் தெரியாத உயிரி அது. 11 கரிமத்துக்கு மேற்பட்ட சங்கிலி கிடைத்தால் தின்று பெருகும். முதுகிலும் மார்பிலும் தேமல் படர்ந்திருப்பவர் அதன் மேல் எண்ணெயைத் தேய்த்தால் விருந்து வைத்தது போலத்தான். 8, 10 கரிமத்தோடு நின்றுவிடும் அந்த ஆலை எண்ணெய் அதற்கு இரை ஆகாது. பிழிந்ததைவிடப் பூட்டியது மேலாகிவிடும் இடம் இது. பட்டியலில் கண்ட ஐசோபுரோப்பைல் பால்மிடேட் எதிர்ப்பக்கத்து உதாரணம். வழுக்கிக்கொண்டு பரவும், விலை குறைவு, ஆனால் துவாரங்களை அடைக்கும் என்ற பேர் 1970-களின் முயல் காதுச் சோதனைகளிலிருந்தே அதற்கு உண்டு. முயல் காது மனிதக் கன்னம் அல்ல என்பது சரிதான். முகப்பரு உள்ளவர் அது தலைமாட்டில் இருக்கும் டப்பாவைத் தவிர்த்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

டப்பாவில் இன்னொன்றும் பாருங்கள்: ‘NOT’ என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் எண். மலேசியாவில் விற்கும் அழகுசாதனம் ஒவ்வொன்றையும் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவித்து அந்த எண்ணை வாங்க வேண்டும். எண் இருப்பதால் கிரீம் நல்லதென்று அர்த்தமில்லை. எண்ணே இல்லாமல் மூன்றே நாளில் வெளுப்பாக்குவதாகச் சொல்லும் கிரீமில் பாதரசம் இருக்கக்கூடும். அதைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம்.

இவ்வளவும் தெரிந்தபின் ஒரு கேள்வியை மட்டும் டப்பாவிடம் கேட்டுப் பயனில்லை: இந்தப் பனை எங்கே நின்றது, குலையை வெட்டியவர் யார்? தோட்டப்புறத்து லயங்களிலிருந்து தமிழர்கள் கிள்ளான் பக்கமும் கோலாலம்பூர் பக்கமும் பெயர்ந்த பிறகு, செம்பனைக் காட்டில் அரிவாள் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்குத் தடை போட்டது: செப்டம்பரில் எஃப்.ஜி.வி., டிசம்பரில் சைம் டார்பி பிளான்டேஷன். சைம் டார்பி மீதான தடை 2023-இல் நீங்கியது. காட்டையும் உழைப்பையும் கண்காணிக்க 2004-இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அமைப்பின் செயலகம் கோலாலம்பூரில்தான் இருக்கிறது. சமையல் எண்ணெயை ஆலை வரை பின்தொடர்வது ஓரளவு முடியும். பருப்பெண்ணெய் அப்படியில்லை. பல ஆலைகளின் பருப்பு ஓரிடத்தில் கொட்டப்பட்டு, பிழியப்பட்டு, கோபுரத்தில் பிளந்து, வடித்து, மறுபடி பூட்டப்பட்டு வருகிறது. ஆகவே அழகுசாதனத்துக்குப் போகும் சான்று பெற்ற சரக்கில் பெரும்பகுதி ‘மாஸ் பேலன்ஸ்’ கணக்கில் நடக்கிறது: நூறு டன் சான்று பெற்ற எண்ணெய் ஆலைக்குள் போனால், அதற்கு ஈடான அளவு சரக்கைச் சான்றோடு விற்கலாம். உள்ளே எல்லாம் ஒரே தொட்டியில் கலந்துதான் கிடக்கும். விரலில் எடுக்கும் கிரீம் எந்தத் தோட்டத்துக் குலையிலிருந்து வந்தது என்று அந்தச் சான்று சொல்வதில்லை, சொல்வதாகக் கூறிக்கொள்வதும் இல்லை.